மேலிருந்து வைத்த தீ

காலையில் அடுப்பை மூட்டுவதற்கு முன் எல்ஃப்ரீடா ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து இரும்பு மூடியில் ஒற்றி, தலையைச் சாய்த்துக் கேட்பாள். 'சுர்' என்றால் உள்ளே கங்கு இருக்கிறது. மேலே ஒரு கரண்டி கரி கொட்டினால் போதும். சத்தமில்லையென்றால் காகிதம், சிராய், அதன்மேல் கரி, அடியில் தீக்குச்சி. பித்தோம் நகரின் கரிச்சுரங்கக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

கரி கொட்டும்போது மஞ்சள் புகை குபுக்கென்று அறைக்குள் வரும். சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்த கணவன் ஆகிம் எழுந்துபோய்ச் சன்னலைத் திறப்பான்.

"மூடு! ஊரையே காயவைக்கவா கரி வாங்குறோம்?" அவன் மூடிவிடுவான்.

ஜனவரியில் நகராட்சிக் காவலன் ஒருவன் பையோடு வந்தான்.

"குப்பை எரிக்கிறதா புகார் வந்திருக்கும்மா. கொஞ்சம் சாம்பல் எடுத்துக்கிறேன்."

"குப்பையா? சுரங்கக்காரன் மகள்கிட்டயா கேக்குறே? மோந்து பாரு. நக்கியும் பாரு!"

அவன் சாம்பலை அள்ளினான். அடுப்பையும் குனிந்து பார்த்தான். "கங்கு மேல புதுக் கரியைக் கொட்டுனா புகையாம என்ன செய்யும்? கரியை முதல்ல அடுக்குங்க, சிராயை மேல வெச்சுப் பத்தவைங்க. தீ தானா கீழ இறங்கும். இன்னொரு புகார் வந்தா அடுப்புக்கு சீல் வெச்சிருவாங்கம்மா."

"மேலேருந்தா? உங்க வீட்ல துவட்டிட்டுத்தான் குளிப்பீங்களோ?"

அவன் போனபிறகும் அவளுக்கு ஆறவில்லை. அப்பாவின் அடுப்பு; வீட்டில் வேறு கணப்பும் கிடையாது. இந்தக் குளிரில் சீல் வைப்பார்களாமே! முற்றத்தில் துணி காயப்போடும் எதிர்வீட்டு ரெகினாவைத் தவிர யார் சொல்லியிருப்பார்கள்?

"அவதான். இல்ல?"

"இருக்கும்," என்று ஆகிம் இருமினான்.

சன்னலிலிருந்தே கத்தினாள். ரெகினாவும் விடவில்லை: "சொல்லணும்னா உன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்டி! போன் எதுக்கு?"

மறுநாள், காவலனைப் பொய்யனாக்குவதற்கென்றே, அவன் சொன்னபடி மேலே சிராய் வைத்துப் பற்றவைத்தாள். முற்றத்தில் போய் நிமிர்ந்து பார்த்தாள். புகைபோக்கியில் ஒன்றுமில்லை. அணைந்துவிட்டது என்ற திருப்தியோடு மாடி வீட்டுக்கு ஓடி அடுப்பு மூடியில் விரலை ஒற்றினாள். சுர்ரென்று பொசுக்கியது. கோபம் இரட்டிப்பாகிவிட்டது.

"அம்பது வருஷம்! ஒருத்தனாவது சொன்னானா? சாம்பல் அள்ள வந்தவன் சொல்லணுமா?"

அதன்பிறகும் அடுப்பு எளிதில் வசப்படவில்லை. அடுப்புக்குள் காற்று விடும் தகட்டை முன்கூட்டியே மூடியதில் ஒருமுறை செத்தது. திறந்தே விட்டதில் இன்னொரு முறை பக்கவாட்டு இரும்பு சிவந்து கனன்றது. கங்கின்மேல் கரி கொட்டக் கை தன்னையறியாமல் கரண்டிக்குப் போகும். "கீழ வை," என்பான் ஆகிம். அவன் அவளை எதிர்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

சாம்பலில் குப்பை இல்லை என்று ஆய்வில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க ஒரு நாயும் வரவில்லை. ரெகினாவின் வணக்கத்துக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க எல்ஃப்ரீடா பதில் வணக்கம் சொல்லவில்லை.

ஏப்ரலில் டிராம் நிறுத்தத்தில் அதே காவலனைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரருக்கு இருமல் தேவலையாம்மா? பாவம், போன்ல புகார் சொல்லும்போது வார்த்தைக்கு வார்த்தை இருமினாரு."