காவலுக்கு வந்த முகமூடி

எலிலா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் எதையாவது பத்திரமாக விட்டுப் போக வேண்டுமென்றால் இத்தோங்வாவின் வீட்டுக்குத்தான் வருவார்கள். வெளியூர் போகிறவன் சைக்கிளை விட்டுப் போவான். சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள் பொதுவான வேட்டை வலையைக் கொண்டுவந்து போடுவார்கள். கேட்ட நாளில் பொருள் அப்படியே திரும்பும். வேட்டையில் அவன் சுமார், பேச்சில் அதைவிடச் சுமார். அறுபது வயதுக்குள் அவன் சம்பாதித்தது இந்த ஒரு பெயரைத்தான். படிப்படியாக ஏறும் மூத்தோர் அமைப்பான ப்வாமி சபையில் அவனை மேல்படிக்கு ஏற்றிவிட்டதும் அதுதான். அந்தப் படிக்கு ஏறிய ஆண்களுக்கு ஆளுக்கொரு முகமூடி உண்டு.

ஆகவே தாய்மாமன் முபாங்கு இறந்தபோது அவருடைய முகமூடி அவன் காவலுக்கு வந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய மரமுகம், வெள்ளைக் களிமண் பூச்சு, கீழே நார்த் தாடி. மாமன் மகன் கதாம்பி அதே படிக்கு ஏறும்வரை அவன் அதைக் காக்க வேண்டும். மாமன் அதில் இருக்கிறார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கீழே வைக்கும்போது எல்லார் கையும் மெதுவாகும். தன் முகமூடியோடு கலந்துவிடக் கூடாது என்று இத்தோங்வா அதை இளைய மனைவி வீட்டுக் கூரையில் செருகி வைத்தான். அவன் இருந்த வீட்டுக்கும் அதற்கும் நடுவே முப்பது தப்படி தூரம்.

துப்பாக்கிக்காரர்கள் வந்த காலையில் ஊரே காட்டுக்குள் ஓடியது. இளைய மனைவி தோட்டத்திலிருந்து அப்படியே ஓடிப் பிழைத்தாள். இத்தோங்வா தன் முகமூடியோடு ஓடினான். மாமனுடையது கூரையோடு எரிந்தது.

ஆறு வருடம் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "இருக்கு" என்றான். கதாம்பி படியேற நாள் குறித்த பிறகு அவனுக்குத் தோன்றிய வழி ஒன்றுதான்: தன்னுடையதையே மாமனுடையது என்று கொடுத்துவிடுவது. களிமண்ணைப் புதிதாகப் பூசினால் எந்த முகமும் இன்னொன்றைப் போலத்தான் இருக்கும். நஷ்டம் தனக்கு மட்டும் என்பதால் இது பொய்யில் சேராது என்று எண்ணிப் பார்த்தான். அந்த எண்ணத்தோடு இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆனாலும் களிமண்ணைக் குழைத்தான்.

சடங்கு நாளில் வேலி நெடுகிலும் முகமூடிகள் வரிசையாகத் தொங்கின. இறந்தவரின் மனைவி வபிவா, அவளும் படியேறியவள், அவன் கொண்டுவந்ததைக் கையில் வாங்கினாள்.

"மருமவனே, இது யாரு?"

"மாமாதான், அத்தை."

"இருபது வருஷம் அவருக்கு எண்ணெய் தேய்ச்ச கை இது. இடது கன்னத்துல மரக்கணு ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கும், கட்டைவிரல் தானா அங்க போய் நிக்கும். இது என்னடான்னா வழவழன்னு இருக்கு. பாத்தா, ஒரு நாளும் வேட்டைக்கு முந்தாதவன் மூஞ்சி மாதிரி இருக்கு."

யாரோ சிரித்தார்கள். இத்தோங்வா தரையைப் பார்த்தான்.

"அது எரிஞ்சு போச்சு அத்தை. இது என்னோடது."

சிரிப்பு நின்றது. சடங்கை நடத்தும் மூத்தவர் கிசூபி தொண்டையைச் செருமினார்.

"ஓடுற ஓட்டத்துல யாரு எதைப் பாக்க முடியும்? நானே ஒத்தைச் செருப்போட ஓடுனவன். தன்னோடதைக் கொடுத்து ஈடுகட்டப் பாத்திருக்கான் பாருங்க. இந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?"

கதாம்பி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "என்கிட்டயே சொல்லியிருக்கலாமே அத்தான். நெருப்பு வெச்சவனை நீங்களா கூப்பிட்டீங்க?"

வாழைப்பழ மது இருந்த சுரைக்குடுக்கையை ஒருவன் அவன் பக்கம் நீட்டினான். திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பான், அதற்கு ஆறு வருடமாகத் தயாராகத்தான் இருந்தான். இந்தப் புகழ்ச்சியை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டால் மிச்ச நாளெல்லாம் இதையும் சேர்த்துக் காவல் காக்க வேண்டும்.

"நேரம் இருந்துது" என்றான்.

"என்னப்பா சொல்ற?"

"எனக்கு நேரம் இருந்துது. என்னோடதை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன். புகையிலைப் பை ஞாபகம் வந்துச்சு. திரும்ப உள்ள போனேன். வெச்ச இடத்துல இல்ல. கட்டிலுக்கு அடியில தேடி எடுத்துட்டுத்தான் ஓடினேன். அந்த நேரத்துல மாமாவைப் போய் எடுத்துட்டு வந்திருக்கலாம். முப்பது தப்படிதான்."

கதாம்பியின் பிடி தளர்ந்தது. கையை அவன் உதறவில்லை; விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

வபிவா அவன் பக்கம் திரும்பினாள். "புகையிலை எப்படி இருந்துது?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். இனி பொய் சொல்ல அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"நல்லா இருந்துது அத்தை."

யாரும் சிரிக்கவில்லை. கிசூபி முகமூடியை வபிவாவிடமிருந்து வாங்கிக் கதாம்பியிடம் கொடுத்தார். "இனிமே இது உன்னோடது. உங்கப்பன் இல்ல, மரம்தான். தேய்ச்சுத் தேய்ச்சு நீதான் அவரை வரவழைக்கணும்." பிறகு இத்தோங்வாவின் பக்கம் திரும்பினார். மனசைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை. "நீ படியை விட்டு இறங்க வேண்டாம். வரிசையில நில்லு. ஆடு."

பறைகள் ஒலித்தன, பெண்கள் பாடத் தொடங்கினார்கள். ஆண்கள் குனிந்து, ஆளுக்கொரு முகமூடியைத் தாடியைப் பிடித்துத் தரையில் இழுத்தபடி வட்டமாக நகர்ந்தார்கள். இத்தோங்வாவும் குனிந்தான். எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கி, வெறும் கையை மண்ணில் இழுத்துக்கொண்டு, கதாம்பிக்குப் பின்னால் போனான். பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. அவனைக் கடந்துபோனவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள், பார்க்காதது போலவும் இருந்தார்கள். ஆட்டத்தில் மூன்று சுற்று உண்டு. மூன்றையும் அவன் ஆடினான்.