கார் ஸ்டீரியோவில் கெட்டிமேளம்: ஒரு செஞ்சிப் பயணம்

செஞ்சிக்குக் காரில் போவதாக இருக்கிறோம், வழியில் எங்கே நிறுத்தலாம், கோட்டைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று இந்த வலைப்பூவைப் படிக்கிற இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் அங்கே போனது எண்பத்தெட்டாம் வருடம், ஆவணி மாதம். கோட்டை இடம் மாறியிருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணத்தில் கோட்டைக்குக் கிடைத்தது இரண்டே மணி நேரம்தான். மற்ற நேரத்தையெல்லாம் ஒரு கார் ஸ்டீரியோ தின்றுவிட்டது.

போன காரணம் என் தம்பி குமாரின் கல்யாணம். பெண் செல்வி, செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்துப் பெண். நெல்லும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம், நிலக்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் அவன் அக்காவோ தங்கையோ போடவேண்டும். குமாருக்கு இருப்பது நான் ஒருத்திதான். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவளும் நான்தான். அந்த இரண்டு முடிச்சுக்காகத்தான் நான் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் கிளம்பியது வேறு காரணத்துக்காக. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் பாட்டுப் போடுவதற்கென்றே எங்கள் பழைய அம்பாசிடரில் அவர் புதிதாக ஒரு ஸ்டீரியோ மாட்டியிருந்தார்.

அதற்குப் பெயர் கிடையாது. முன்பக்கம் ஏதோ எழுதியிருந்தது, அதைக் கடைக்காரரே படிக்கவில்லை. கேசட் போடலாம், கேசட்டை எடுத்தால் தானாக ரேடியோ பாடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸிலிருந்து திண்டிவனம் நூற்றிருபது கிலோமீட்டர், அங்கிருந்து மேற்கே திரும்பினால் செஞ்சி இருபத்தெட்டு. கல்யாணத்துக்கு முதல் நாள் விடிகாலையிலேயே கிளம்பினோம். தாம்பரம் தாண்டுவதற்குள் பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஒரு ஊளையும் கேட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளை ஏறும், விட்டால் இறங்கும். "அது டைனமோ சத்தம். ஒரு கண்டென்சர் போட்டா சரியாயிடும்" என்றார் இவர். கண்டென்சர் எங்கே? வீட்டு மேஜை மேல் இருக்கிறதாம்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பாட்டு குழறியது. கேசட்டை இழுத்தால் நாடா உள்ளேயே சிக்கிக்கொண்டு, கேசட் மட்டும் கையோடு வந்தது. பென்சிலை விட்டுச் சுற்றினார், ஊதினார், தட்டினார். நான் இரண்டு டீயும் ஒரு வடையும் முடித்த பிறகும் அவர் முன்சீட்டில் தலைகீழாகவே கிடந்தார். கடைசியில் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். இனி இதில் எந்த கேசட்டைப் போட்டாலும் மெல்லும் என்று தெரிந்தது. ஊர்வலத்துக்கென்று வாங்கி வைத்த நாதஸ்வர கேசட் பையில் பத்திரமாக இருந்தது. அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

விடவில்லை. பெட்டியைத் திறந்து வாக்மேனை எடுத்தார். அதோடு கேசட் மாதிரியே ஒன்றையும் எடுத்தார். அதில் நாடா இல்லை, ஒரு ஓரத்திலிருந்து ஒயர் மட்டும் தொங்கியது. ஒயரை வாக்மேனில் செருகி, அந்தப் போலி கேசட்டைக் காரில் தள்ளினால், வாக்மேனில் ஓடுகிற பாட்டு கார் ஸ்பீக்கரில் வரும். "இதுல நாடாவே இல்ல. எதை மெல்லும்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மெல்லவில்லைதான். ஆனால் உள்ளே ஒரு குட்டிப் பல்சக்கரம் சுற்றி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பாட்டும் சன்னமாகத்தான் வந்தது, வால்யூமைக் கடைசி வரை திருகவேண்டியிருந்தது. ஊளையோடு டிக் டிக்கும் சேர்ந்துகொள்ள, நாங்கள் காலை ஒன்பது மணிக்குச் செஞ்சி வந்து சேர்ந்தோம்.

கடைத்தெருவில் பாஷா பாய் என்று ஒருவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். இவர் காரை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையிலேயே இது இப்போதைக்கு முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. "நான் கோட்டைக்குப் போறேன்" என்றேன். "போய்ட்டு வாங்கம்மா, நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று பாய்தான் பதில் சொன்னார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கோட்டைக்குப் போகிறவர்களுக்கு: மலைகள் மூன்று, நேரம் கொஞ்சமாக இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ராஜகிரியில் ஏறத் தொடங்கினேன். ஒன்பது மணிக்கு மேல் ஏறினால் பாறை அனலாகக் கொதிக்கிறது, அதனால் ஆறு மணிக்கே போய்விடுங்கள். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். பட்டுச்சேலை வேண்டாம், அந்தத் தப்பை நான் செய்தேன். தின்பதற்கு எதையாவது கையில் வைத்திருந்தால் குரங்கு பிடுங்கும். என்னிடம் கடலை மிட்டாயைப் பிடுங்கிய குரங்கு, எட்டிப் போய் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. பாதி மலையோடு திரும்பிவிட்டேன். அங்கே ஒரு நிழலில் நின்ற பத்து நிமிடம்தான் அந்தப் பயணத்திலேயே எனக்கு நிம்மதியாக இருந்தது. டிக் டிக் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பினால் இரண்டு பேரும் சாக்கடை ஓரத்தில் குந்திக்கொண்டு எதையோ தேடினார்கள்.

"இன்னாத்துக்கு இந்தப் பல்சக்கரம், சும்மா டிக்கு டிக்குன்னு கத்தறதுக்கான்னு கழட்டிட்டேன்மா" என்றார் பாஷா பாய். "இப்ப பாட்டு சுத்தமா கேக்குது. ஆனா அஞ்சு நிமிசம் நிக்க மாட்டேங்குது, வெளிய துப்பிடுது."

விஷயம் இதுதான். உள்ளே ஏதாவது சுற்றினால்தான் கேசட் ஓடுகிறது என்று அந்த ஸ்டீரியோ நம்பும். சுற்றாவிட்டால் நாடா தீர்ந்துவிட்டது என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். அந்தப் பல்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது அதை ஏமாற்றத்தான். கழற்றி வைத்த சக்கரமோ உருண்டு சாக்கடையில் விழுந்துவிட்டது. இவர் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில், "கொஞ்சம் கட்டைவிரலால அழுத்து" என்றார் என்னிடம். அழுத்தினேன். பாட்டு அழகாக ஓடியது. என்னை அப்படியே வைத்து வல்லம் வரை ஓட்டினார். இறங்கும்போது என் விரல் மரத்துப் போயிருந்தது.

கல்யாண வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. அவலூர்பேட்டையிலிருந்து வரவேண்டிய நாதஸ்வரக்காரருக்குப் பல் பிடுங்கிக் கன்னம் வீங்கிவிட்டது, ஊத முடியாது என்று ஆள் வந்து சொன்னான். பெரிய முகூர்த்த நாள், வேறு மேளம் எங்கேயும் கிடைக்கவில்லை. மைக் செட் கட்டியிருந்தார்கள், ஆனால் டிரான்ஸ்பார்மர் போய் மத்தியானத்திலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை.

செல்வியின் பெரியப்பா ஏழுமலைதான் அந்த வீட்டுக்குப் பெரியவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மேளம் இல்லாம தாலியா? தாலி ஏறச்சொல்ல யாராச்சும் தும்முனா, ஒரு கெட்ட வார்த்த காதுல வுழுந்தா இன்னா பண்ணுவீங்க? அதுக்குத்தான கெட்டிமேளம். மேளம் வராம எங்கூட்டுப் பொண்ணு கழுத்துல தாலி ஏறாது."

என் வீட்டுக்காரர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு பிரகாசம். "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார்.

காரைப் பந்தல் வாசலுக்குக் கொண்டுவந்து கதவுகளைத் திறந்து வைத்து, அந்த நாதஸ்வர கேசட்டை வாக்மேனில் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் வாக்மேனைப் பிடித்து, இன்னொரு கையால் அதில் செருகிய ஒயரைக் கோணலாக அழுத்திக்கொள்ளவேண்டும். நேராக விட்டால் ஒரு ஸ்பீக்கர் போய்விடும். அந்தப் பக்கம் உட்கார்ந்து கேசட்டை அழுத்த நான். கெட்டிமேளம் கணீரென்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"நாளைக்கும் நீயே உக்காந்துடு" என்றார் இவர், சர்வ சாதாரணமாக. "உன் விரல்தான் சரியா வருது. ரெண்டு நிமிஷம்தானே? முடிச்சை உங்க அத்தை யாராவது போடட்டும்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவரை நான் அப்படி முறைத்ததில்லை. "நான் முடிச்சு போட வந்தவ. உங்க டப்பாவுக்கு முட்டுக் கொடுக்க வரல" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதில் இன்னும் எரிச்சல் கூடியது.

குமார் என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா முடிச்சு போடலன்னா நான் தாலி கட்ட மாட்டேன் மாமா" என்றான்.

மேளம் இல்லாமல் தாலி இல்லை என்று ஒரு பக்கம், அக்கா இல்லாமல் தாலி இல்லை என்று இன்னொரு பக்கம். வேறு யாரையாவது உட்காரச் சொன்னால் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் காருக்குள் உட்கார யாருக்கு மனசு வரும்? நான் ஏழுமலையிடமே போனேன். "பெரியப்பா, மேளம் வேணும்னு சொன்னது நீங்க. நீங்களே வந்து புடிங்க" என்றேன். அவர் ஒரு நிமிடம் தாடையைத் தடவினார். "செரி, நானே குந்தறேன். நம்ம பொண்ணுக்குத்தான" என்றார்.

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. ஏழுமலை வெள்ளை வேட்டியில் முன்சீட்டில் அசையாமல் உட்கார்ந்து, வலது கட்டைவிரலால் கேசட்டை அழுத்திக்கொண்டிருந்தார். வால்யூம் கடைசி வரை திருகியிருந்தது. வாசலில் அட்சதை கொடுத்துக்கொண்டு வந்தவர்கள் வழக்கப்படி அவர் கையிலும் ஒரு பிடி கொடுத்தார்கள். அதை இடது கையில் வாங்கி மூடி வைத்துக்கொண்டார். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஐயர் கையை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார். காரில் இவர் வாக்மேன் பொத்தானை அழுத்தினார். மேளம் எழுந்தது. குமார் தாலியைச் செல்வியின் கழுத்தருகே கொண்டுபோனான். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் அட்சதை போடக் கையை ஓங்கினார்கள். அறுபது வருடமாகக் கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை போட்டுப் பழகிய ஏழுமலையும் அரிசியை வலது கைக்கு மாற்றிக் காருக்குள்ளிருந்தே வீசினார். இடது கையால் யாராவது அட்சதை போடுவார்களா?

கேசட் வெளியே வந்து விழுந்தது. ரேடியோ பாடத் தொடங்கியது. பாட்டு இல்லை, விவசாய நிகழ்ச்சி. ஊரே அதிரும்படி ஒரு கனமான ஆண் குரல்: "நிலக்கடலையைத் தாக்கும் சுருள்பூச்சியை உடனே கவனிக்காவிட்டால் பயிர் முழுவதும் நாசமாகிவிடும்."

நாசம்! கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குமார் முடிச்சுப் போடாமல், நூலை இரண்டு கையிலும் பிடித்தபடி என்னைப் பார்த்தான். எனக்குக் காருக்குள் போய் அந்தப் பெட்டியைப் பிய்த்து ஏரியில் வீசவேண்டும் போலிருந்தது. அப்போது குனிந்திருந்த செல்வி தலையைத் தூக்காமலேயே மெதுவாகச் சொன்னாள்.

"கட்ட சொல்லுங்க அண்ணி. மல்லாட்டையப் பத்திதான சொல்றாங்கோ, நம்மள இல்லியே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குமாருக்கும். அவன் முதல் முடிச்சைப் போட்டான். நான் பின்னால் குனிந்து, பூவை ஒதுக்கி, இரண்டாவது முடிச்சைப் போட்டேன், மூன்றாவதையும் போட்டேன், இழுத்துப் பார்த்தேன். பந்தலில் யாரோ பக்கத்திலிருந்தவரிடம், "எத்தினி மில்லி மருந்து சொன்னான்?" என்று கேட்டது காதில் விழுந்தது. ஏழுமலை பதறிப்போய்க் கேசட்டை மறுபடி உள்ளே தள்ளியபோது, எல்லாம் முடிந்த பிறகு, கெட்டிமேளம் வந்தது. நடுவில் அது நிற்கவே இல்லை. இவர் கையிலிருந்த வாக்மேனில் ஒரு குறையும் இல்லாமல், யார் காதிலும் விழாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏழுமலை சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு மட்டும் இரண்டு முறை பாயசம் ஊற்றச் சொன்னார்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் கேட்ட யோசனைகள்: திண்டிவனத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், கோட்டையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கூட ஒரு நாள் இருந்தால் பனமலைக் கோயிலுக்கும் போங்கள், எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. புதிதாக வாங்கிய எந்தச் சாதனத்தையும் விசேஷத்தன்று முதல்முறையாகப் போடாதீர்கள். சத்தம் போடுகிற பாகம் வேண்டாத பாகம் என்று நினைத்துக் கழற்றாதீர்கள். கேசட்டை யாராவது பிடித்தே ஆகவேண்டும் என்றால் அவரை டிரைவர் சீட்டில் உட்கார வையுங்கள், இடது கையால் பிடிப்பார், வலது கை அட்சதைக்கு மிஞ்சும்.

திரும்பும்போது காரில் பாட்டு இல்லை. திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. இவர் இன்ஜினை அணைத்தார்.

"ரெண்டு முடிச்சும் நீயே போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன்."

"எப்படிப் போட்ட? நான் பாக்கலையே" என்றார். கார் கண்ணாடியையும் கூட்டத்தின் முதுகையும்தான் பார்த்தாராம்.

இத்தனை நேரம் சேர்த்து வைத்த கோபத்தில் என்னவெல்லாமோ சொல்ல நினைத்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டில் கிடந்த போலி கேசட்டை எடுத்தேன். அதன் ஒயரை ஸ்டீரிங்கில் சுற்றி, "இது குமார் போட்டது" என்று ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு அதன் மேல் இரண்டு முடிச்சு, நான் போட்டமாதிரியே, இழுத்துப் பார்த்து. அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். கேட் திறந்து பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தபோதும் அதை அவிழ்க்கவில்லை, கேசட் ஸ்டீரிங்கில் தொங்க, அப்படியே மெட்ராஸ் வரை ஓட்டினார்.