கடற்காற்று திரும்புவதற்குள்: ஆம்பூரிலிருந்து மெட்ராஸ் ஹார்பருக்கு

ஆம்பூருக்குக் கடல் கிடையாது. ஆனால் எங்கள் பிழைப்பு நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி, வடசென்னைத் துறைமுகத்தில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் குமாஸ்தாவாக இருந்தேன். நம் சரக்கு ஏறும் கப்பலை ஒருநாளாவது பார்க்கலாமே என்று, வார விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை லாரியில் தொற்றிக்கொண்டேன்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டியவர் குடியாத்தம் முனுசாமி. கூட வந்தவர் பேக்கிங் மேஸ்திரி பஷீர் பாய். மதியம் மண்ணடியில் ஜும்ஆ தொழுகை என்பதால் சலவை ஜிப்பாவில் இருந்தார். பின்னால் மரப்பெட்டிகளில் வெண்ணெய் நிறத் தோல்.

அவசரத்துக்குக் காரணம் அந்த நிறம்தான். ஹார்பரில் நிலக்கரி மலைபோலக் குவிந்திருக்கும். முற்பகல்வரை தரைக்காற்று, தூசி கடலுக்குப் போய்விடும். உச்சி வேளையில் கடற்காற்று திரும்பினால் அத்தனையும் கிடங்குகள் பக்கம் வரும். போன மாத லோடு கரும்புள்ளியோடு திரும்பி வந்திருந்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று முதலாளி பஷீர் பாயிடம் சொல்லிவிட்டார்.

வாலாஜாவில் டீ, முப்பது பைசா. காவேரிப்பாக்கத்துப் பள்ளத்தில் லாரி குதித்ததில் ஒரு பெட்டியின் பலகை பிளந்தது.

"இன்னா பாய், நின்னு ஆணி அடிக்கலாமா?"

"வாணாம்பா. காத்து நிக்காது. நீ போ."

பூந்தமல்லி தாண்டிப் பாரிமுனையில் மாட்டுவண்டி நெரிசல். வெங்காய மூட்டை, இரும்புக் கம்பி, எங்கள் தோல் எல்லாம் துறைமுகத்தின் ஒரே வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். வரிசையிலேயே ஒரு மணி நேரம் போனது.

பிளந்த பெட்டியைக் கடைசியாக இறக்கும்போது காற்று திரும்பிவிட்டது. பாய் பிளவை நெஞ்சால் மூடி, முதுகைக் கரிக்குக் காட்டி, பெட்டியை அணைத்தபடியே சுமைக்காரர்களோடு கிடங்குவரை நடந்தார். உள்ளே பிரித்துப் பார்த்தோம். தோலில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: ஆம்பூரிலிருந்து காலை ரயிலே வசதி. துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள், ராயபுரம் பக்கமிருந்து பார்க்கலாம். நிலக்கரி இப்போது அங்கே இறங்குவதில்லை என்கிறார்கள். நான் போனால் பார்ப்பது கப்பலை அல்ல, அந்த வாசலைத்தான். அன்று வெளியே வரும்போது அங்கேதான் பாயின் ஜிப்பாவைப் பார்த்தேன். முன்புறம் சலவை வெள்ளை, முதுகு முழுக்கக் கரி.

"இதோட எப்படி பாய் தொழுகைக்குப் போவீங்க?" என்றார் முனுசாமி.

"கடைசி வரிசைல நின்னுக்கறேன்," என்றார் பாய். "பின்னால யாரும் இருக்கமாட்டாங்க."