ரொட்டி வெளியே போகாத வீடு

ஒக்லாந்துக்கு வரப்போகிறவர்கள் எனக்கு எழுதிக் கேட்பது பெரும்பாலும் எரிமலை, கடற்கரை, நல்ல சாப்பாட்டுக் கடை. போன மாதம் ஒரு பிள்ளை வேறு விதமாகக் கேட்டிருந்தாள். நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து தப்பிய யூதர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறாளாம். அப்படி ஒருவரைச் சந்திக்கப் போனால் என்ன கொண்டுபோவது, என்ன கேட்பது என்று தெரியவில்லையாம். எனக்கு அந்த விஷயத்தில் ஒரேயொரு பயணம்தான் அனுபவம். எண்பத்தேழாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒக்லாந்துக்குள்ளேயே பக்குரங்காவிலிருந்து எப்சமுக்கு. எல்லாமாகப் பதினைந்து கிலோமீற்றர் வந்தால் பெரிது. இதையும் பயணம் என்று எழுதுகிறாயா என்று சிரிப்பவர்கள் அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு ஒருநாள் காத்து நின்றிருக்க வேண்டும்.

போனதற்குக் காரணம் என் தம்பி யோகன். யாழ்ப்பாணத்தில் இராணுவம் அவனைப் பிடித்து ஒரு முகாமில் மாதக்கணக்கில் வைத்திருந்தது. விட்டதும் எப்படியோ விசிட்டர் விசாவில் என்னிடம் வந்து சேர்ந்தான். அகதியாக ஏற்கச் சொல்லி மனுப் போட்டோம். இரண்டு கிழமையில் நேர்காணல் என்று கடிதம் வந்துவிட்டது. வழக்கறிஞர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “முகாமில் நடந்ததை அவரே சொல்லவேண்டும். அக்கா சொன்னால் அது கேள்விப்பட்ட கதை. அவர் வாய் திறக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.”

யோகன் வாய் திறக்காதவன் என்றில்லை. கிரிக்கெட் பற்றிக் கேட்டால் விடிய விடியக் கதைப்பான். முகாம் என்று தொடங்கினால் போதும், “அதை விடுங்கோ அக்கா” என்று எழும்பிப் போய்விடுவான். நான் கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தேன். கதைக்காமல் இருந்ததில் எனக்குத்தான் மண்டை வெடித்தது. அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

நான் அப்போது ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்தில் இறங்கி, கண்ணில் பட்டதை எடுத்து வருவேன். அப்படித்தான் முகாமிலிருந்து மீண்ட ஒரு பெண்ணின் நினைவு நூல் கையில் கிடைத்தது. அதை முடித்துவிட்டு அதே தட்டில் இருந்த மற்றவற்றையும் படித்தேன். முகாமை விட, முகாமுக்குப் பிறகு வந்த பக்கங்கள்தான் என்னைப் போட்டு உலுக்கின. விடுதலையாகி வந்தவர்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலும், “இங்கேயும் சீனிக்குத் தட்டுப்பாடுதான்” என்று கதையை மாற்றிவிடுகிறார்கள். அவர்களும் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஒரு சொல் சொல்லாமல் இருக்கிறார்கள். என் சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவனை அந்தப் புத்தகங்களில் பார்த்தேன். பயந்துபோனேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நூலகப் பெண்மணியிடம் தம்பியைப் பற்றி வாய்விட்டுச் சொன்னேன். எப்சமில் நாசி முகாமிலிருந்து மீண்ட ஒரு அம்மா இருக்கிறார், பள்ளிக்கூடங்களில் பேசுவார், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அந்த அம்மாவை இலோனா என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஹங்கேரிக்காரி, அறுபது வயதிருக்கும். தொலைபேசியில் அவர் சொன்னதை, இனி வரும் ஆங்கிலப் பேச்சையெல்லாம் போல, தமிழில் எழுதுகிறேன்: “உன் தம்பி பேசாவிட்டால் நான் என்ன செய்வது? நான் டாக்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வாருங்கள்.”

“நான் வரேல்லை” என்றான் யோகன். “அண்டைக்கு அமாவாசை. அப்பாவுக்கு விரதம்.”

“அவ மரக்கறிதான் சமைக்கிறாவாம். நான் சொல்லிப் போட்டன்.”

“கண்டறியாத பயணம்.”

“கண்டறியாட்டி இண்டைக்குக் கண்டறி. வெளிக்கிடு.” நான் ஒற்றைக்காலில் நின்றேன். வந்தான்.

அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பு, சந்தியில் ஷெல் விழுந்து இறந்துபோனார். நான் அப்போது ஒக்லாந்தில். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் கணவருக்கு அன்று காலை வேலை, காரும் அவருடன் போய்விட்டது. பக்குரங்கா பிளாசாக் கடைத்தொகுதிக்கு முன்னால் ஒன்பதே முக்காலுக்கு வரவேண்டிய பஸ் பத்தேகாலுக்கு வந்தது. நியூமார்க்கெட் வரை இரண்டு பேருக்கும் மூன்று டொலர் சொச்சம். பன்மூர் பாலத்தைக் கடந்து எலர்ஸ்லி வழியாகப் போகும். கடைகளெல்லாம் பூட்டி, தெருவில் சனமே இருக்காது. எப்சமுக்கு அடுத்த பஸ் எப்போது என்று சாரதியிடம் கேட்டேன். சமோவாக்காரர், நல்ல தடித்த மனிதர். “ஞாயிற்றுக்கிழமையில் அப்படிக் கேட்கக் கூடாது அம்மா, கும்பிடத்தான் வேண்டும்” என்றார். நியூமார்க்கெட்டில் முக்கால் மணித்தியாலம் கும்பிட்டோம். நான் சுட்டுக் கொண்டுபோன உழுந்து வடை மடியில் ஆறிப்போனது.

இலோனாவின் வீடு மரவேலி போட்ட சின்ன வெள்ளை வீடு. கதவைத் திறந்தவர் முதலில் வடைப் பொட்டலத்தைத்தான் பார்த்தார். “காரமா?” என்றார். “கொஞ்சம்” என்றேன். ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணில் நீர் வர, “கொஞ்சம் என்றால் உங்கள் ஊரில் இதுதானா?” என்று கேட்டார். யோகன் சிரித்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மாவை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

நான் படித்த புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். அவருடைய சுவர்த்தட்டிலும் அதே மாதிரிப் புத்தகங்கள் நிறைய இருந்தன. “பாதிப் புத்தகம் முகாமின் கதவு திறந்ததும் முடிந்துவிடும்,” என்றார். “எனக்கு அங்கேதான் தொடங்கியது. ஊருக்கு ரயிலில் போய் இறங்குகிறேன், முப்பத்தைந்து கிலோ எடை, தலையில் மயிர் இல்லை. நிலையத்தில் நின்றவன் டிக்கெட் எங்கே என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டான்.” பிறகு ஒக்லாந்துக்கு வந்திருக்கிறார். தேநீருக்குக் கூப்பிட்ட பெண்கள், கப்பல் பயணம் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார்களாம். கொஞ்சம் என்று சொன்னாராம். முப்பது வருடம் அதற்கு மேல் ஒருவரிடமும் சொல்லவில்லையாம்.

நான் யோகனை ஓரக்கண்ணால் பார்த்தேன், இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று. அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடு வந்தது. உருளைக்கிழங்கு சூப்பும், அவரே சுட்ட ரொட்டியும். அமாவாசை விரதகாரர் காகத்துக்கு வைக்காமல் வாயில் வைக்கமாட்டார்கள் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். ஒக்லாந்தில் காகம் இல்லை. எங்கள் வீட்டில் யோகன் வேலியில் சோறு வைப்பான், மைனா வந்து தின்றுவிட்டுப் போகும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒன்றும் சொல்லாமல் ஒரு முழுத்துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவால் இறங்கினான். எனக்கும் அது தவறாகப்படவில்லை. வேலித்தூணில் வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

இலோனாவின் கதிரை பின்னால் விழுந்தது. அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. தூணிலிருந்த ரொட்டியைப் பறித்து, ஊதி, தன் மேலங்கியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். “இது என் வீடு,” என்று கத்தினார். “இங்கே ரொட்டி வெளியே போவதில்லை! பறவைக்கும் இல்லை, குப்பைக்கும் இல்லை!”

ஐயோ, எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இத்தனை புத்தகம் படித்தும் பசியால் செத்துப் பிழைத்தவர்களின் வீட்டில் ரொட்டியைத் தூக்கி வெளியே வைக்கக்கூடாது என்பது என் மரமண்டையில் ஏறவில்லையே. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். யோகன் முந்திக்கொண்டான்.

“அது என் அப்பாவுக்கு,” என்றான் ஆங்கிலத்தில்.

அவன் நின்ற இடத்திலேயே சொல்லத் தொடங்கினான். உடைந்த ஆங்கிலம். சொல் கிடைக்காத இடத்தில் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பான், நான் மொழிபெயர்ப்பேன். அப்பா ஒவ்வொரு நாளும் சைக்கிளில் முகாம் வாசலுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு வருவாராம். இவனை அடைத்திருந்த அறையின் யன்னலால் வாசல் தெரியுமாம். வாசலில் நிற்பவன் பார்சலை வாங்கி, கொடுக்கிறேன் என்று தலையாட்டி அப்பாவை அனுப்பிவிட்டு, மரத்தடியில் இருந்து தானே சாப்பிடுவானாம். கடைசி நாளும் அப்படித்தான். அப்பா திரும்பிப் போகிற வழியில், சந்தியில், ஷெல்.

“அவர் கொண்டு வந்த சோறு ஒருநாளும் எனக்கு வரேல்லை அக்கா,” என்று தமிழில் முடித்தான். “எனக்காண்டி வந்துதான் செத்தவர். அதுதான் நான் அவருக்கு வைக்கிறன்.”

இதை நான் மொழிபெயர்க்கவேண்டும். எப்படி? அப்பா எதற்காக அந்தச் சந்தியால் போனார் என்பதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். அழுதுகொண்டே சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

இலோனா கண்ணைத் துடைக்கவில்லை. “அவருக்கு எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டார். யோகன் விரல்நுனியைக் காட்டினான். அவர் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தார். “வை. ஆனால் சின்னத் துண்டு.” பிறகு இன்னொரு ஓரத்தைப் பிய்த்து, அவன் வைத்ததற்குப் பக்கத்தில் தானே வைத்தார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. மிச்ச ரொட்டியை உள்ளே கொண்டுபோய் அவரே சாப்பிட்டு முடித்தார். எங்களையும் சூப் ஆறமுதல் குடிக்கச் சொல்லி அதட்டினார்.

திரும்பி வரும்போது யோகன், பஸ் எலர்ஸ்லி தாண்டியதும், “நேர்காணலுக்கு நீங்கள் உள்ளுக்கு வர வேண்டாம் அக்கா. நான் தனியக் கதைக்கிறன்” என்றான். “ஓம்” என்றேன்.

சொன்னபடியே செய்தான். இரண்டரை மணித்தியாலம் நான் வெளியே மரவாங்கில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். வெளியே வந்தவன் முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தான். எல்லாம் சொல்லிவிட்டானாம். பார்சலில் என்ன சாப்பாடு இருந்தது என்று அதிகாரி கேட்டாராம். தெரியாது, எனக்கு வரவில்லை என்றானாம். அதிகாரி பேனையை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாராம். நாலு மாதம் கழித்து அனுமதி வந்தது.

இனி அந்தப் பிள்ளைக்கும், இப்படிப் போக நினைப்பவர்களுக்கும். இலோனா இப்போது இல்லை. அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். போவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் நூலகத்தில் போய்க் கேளுங்கள், நேரே கதவைத் தட்டாதீர்கள். வெறுங்கையோடு போகவேண்டாம், ஆனால் காரத்தைக் குறையுங்கள். தட்டில் வைத்ததை மிச்சம் விடாமல் சாப்பிடுங்கள். முகாமுக்குள் நடந்ததை மட்டும் துருவாமல், பிறகு எங்கே போனார்கள், யார் கதவைத் திறந்தார்கள், என்ன வேலை கிடைத்தது என்று கேளுங்கள். அதைக் கேட்க ஆளில்லாமல்தான் அவர்கள் இருந்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று. எப்சமுக்குப் போகுமுன் உங்கள் வீட்டிலும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்த அறிவு பிந்தித்தான் வந்தது. நேர்காணல் முடிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் யோகன், “அம்மாவைக் கேளுங்கோ, கடைசி நாள் பார்சலிலை என்ன கறி எண்டு” என்றான். அம்மா அப்போது கொழும்பில் மாமா வீட்டில் இருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“கத்தரிக்காய்ப் பால்கறி,” என்றார் அம்மா. “ஒரு முட்டையும் பொரிச்சு வைச்சனான்.” பிறகு, “பிள்ளை, அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ?” என்று கேட்டார்.

இரண்டு வருடமாக அம்மா அதை ஒருவரிடமும் கேட்கவில்லை. ஓம் என்று சொல்லிவிட எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யோகன் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினான்.

“இல்லையம்மா,” என்றான். “எனக்கு வரேல்லை.”

அவன் நெடுநேரம் காதில் வைத்தபடி நின்றான். “ஓம், ஓம்” என்று மட்டும் சொன்னான். வைத்ததும், அம்மா என்ன சொன்னவ என்று கேட்டேன்.

“உங்களைப் போய்க் கத்தரிக்காய் வாங்கட்டாம்.”