நனையாத வலது தோள்

தினசரி ஓட்டுவதற்கு இங்கிலாந்துக் காரா, ஜெர்மன் காரா என்ற வழக்கு எங்கள் குடும்பத்தில் இருபது வருடம் நடந்தது. வாதி என் கணவர், பிரதிவாதி என் தம்பி. நான் நடுநிலை எல்லாம் வகிக்கவில்லை, வெட்கமில்லாமல் கணவர் கட்சி. இரண்டு வீடும் கரமனையில் ஒரே தெருவில், ஆறு வீடு தள்ளி. கணவரிடம் இருந்தது ஒரு பச்சை நிற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், மேலே துணிக்கூரை. பொன்முடி மலைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கோழிகள் அடையும் கூடாகக் கிடந்ததை வாங்கி வந்து உயிர் கொடுத்தார். தம்பியுடையது வெள்ளி நிற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய டாக்டர் ஒருவர் விற்றது. பறப்பதற்கென்று செய்த இரண்டும் கரமனைப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டு நிற்கும்.

கணவர் ஒரு தனியார் கல்லூரியில் பிசிக்ஸ் வாத்தியார். ஆறடிக்கு மேல் உயரம். அந்தக் காருக்குள் அவர் ஏறுவதே ஒரு வேடிக்கை. முதலில் ஒரு கால், பிறகு தலை, கடைசியில் மிச்சம் இருப்பதெல்லாம். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இருபுறமும் முட்டிக்கொண்டு நிற்கும். தம்பி என்னைப் போலக் குள்ளம். சாலைக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறான்.

இப்போது நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். ஏ.சி. உண்டு. கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்ளும். எங்கள் காரில் எஞ்சின் சூட்டில் பாதம் வெந்துவிடும். இடவப்பாதி மழை தொடங்கினால் கூரைத்துணியும் கண்ணாடியும் சேருகிற இடத்திலிருந்து தண்ணீர் சொட்டும். சரியாக ஓட்டுகிறவரின் வலது தோளில். எத்தனை தடவை தைத்தும் ஒட்டியும் நிற்கவில்லை. ஜூன், ஜூலை முழுக்க அவர் ஒரு தோள் நனைந்துதான் வகுப்புக்குப் போவார். சாயங்காலம் அந்தச் சட்டையை உதறிக் கொடியில் போடுவது என் வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வேன்.

ஆனால் ஜெர்மன் கார் படுத்தால் படுத்ததுதான். ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவு. கொச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், சாமான் வர மூன்று வாரம். எங்களுடையது தினம் படுக்கும், தினம் எழுந்துகொள்ளும். சாலைக் கடைத்தெருவில் கிடைக்கிற ஒரு பெல்ட், ஒரு துண்டு வயர், அவருடைய ஸ்குரூ டிரைவர் போதும். அது நிற்பதற்குத் தேர்ந்தெடுத்த இடம் பழவங்காடி. கணபதி கோயில் வாசலில், தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவில், முக்கால்வாசி நாள் நின்றுவிடும். தேங்காய் விற்கிறவர் எட்டிப் பார்த்து, "சாரே, ஒரு தேங்காய் அடிச்சிட்டுப் போகணும் கேட்டோ, எல்லாம் சரியாகும்" என்பார். இவரும் அடிப்பார். நான் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த நாளில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஞாயிறு காலைக் காப்பிக்குத் தம்பி வந்தால் வழக்கு தொடங்கும்.

"அத்திம்பேர், உங்க கார் ஓடறதைவிடச் சொட்டறது ஜாஸ்தியாக்கும்."

"கியரில்லாத காரும் உப்பில்லாத சாதமும் ஒண்ணுடா."

நான் சமையலறையிலிருந்து கத்துவேன். "உன் காருக்கு எல்லாம் இருக்கு, உயிர்தான் இல்லை!" தெருவில் யார் அந்தப் பச்சைக் காரைப் பழித்தாலும் நான் சண்டைக்குப் போவேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று தம்பி பெண்டாட்டி சொல்லிக் காட்டுவாள்.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகுவது நின்றது. சட்டை காய்ந்தபடி வீட்டுக்கு வந்தது. அப்போது நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தேன். "ஒருவழியா சரி பண்ணிட்டேளா?" என்றேன். "ம்" என்றார். அடுத்த மழையிலும் நனையவில்லை, அதற்கு அடுத்ததிலும் இல்லை. தெரு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். அதே சமயம் தம்பி பெண்டாட்டி, "இவருக்கு வலது தோள் மட்டும் எப்படித்தான் நனையறதோ, குடையை எப்படிப் பிடிக்கறாரோ" என்று அலுத்துக்கொண்டாள். "ஜெர்மன் காரும் ஒழுக ஆரம்பிச்சுடுத்தாக்கும்" என்று நான் கைகொட்டிச் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் காப்பி ஆறிக்கொண்டிருக்க, அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இரண்டு வருடம் கார் ஷெட்டில் நின்றது. எனக்குக் கிளட்ச் வண்டி ஓட்டத் தெரியாது. எலி சீட்டைக் கடித்தது. வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் இருவரும் போனில், "வித்துடும்மா, வீணாப் போறது" என்றார்கள். வாங்க வந்தவர்களை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். போட்டோவில் அவர் இல்லை, பீரோவில் மடித்து வைத்த சட்டையிலும் இல்லை. அந்தக் கார்க் கதவைத் திறந்தால் மட்டும் இருந்தார். அதைக் கொடுத்துவிட்டால் அவரைத் தேடி எங்கே போவது என்ற பயம்தான். கடைசியில், துருப்பிடித்துச் சாவதைவிட எங்கேயாவது ஓடட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொச்சிக்காரர் ஒருவருக்குச் சரி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

சனிக்கிழமை காலையில் தம்பி வந்தான். உட்காரவில்லை.

"விக்காதேக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இருபது வருஷமா தகர டப்பான்னது யாரு?"

"வெறுதே வம்புக்குச் சொன்னேன். விக்காதே."

"ஏன்? உன் அத்திம்பேர் கையால கூரை ஒழுகலை அடைச்ச காரு, கொச்சிக்காரர் கொத்திண்டு போவார்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "கூரையை யாரும் அடைக்கலைக்கா. இப்பவும் ஒழுகும்."

அப்புறம் சொன்னான். முதுகெலும்பு நரம்பு அழுத்தி அவருக்கு இடது காலில் பலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனதால் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஃபர்லாங் தூரத்துக்கு அவர் கால் கிளட்ச் மிதிக்கும், பழவங்காடி நெரிசலில் நூறு தடவை மிதிக்காது. அதனால் தினமும் காலையில் இரண்டு பேரும் அவரவர் காரில் வீட்டைவிட்டுக் கிளம்பி, தெருக்கோடி ஆற்றுப் படித்துறைக்குப் பக்கத்தில் காரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் கணவர் ஜெர்மன் காரில் கல்லூரிக்கு. தம்பி பச்சைக் காரில் மருந்துக்கடைக்கு. சாயங்காலம் அதே படித்துறையில் திரும்ப மாற்றிக்கொண்டு வீடு வருவது. மூன்று வருடம்! முழுப் பூசணிக்காயை என் தட்டுச் சோற்றிலேயே மறைத்திருக்கிறார்கள்.

அந்த நாளில் அவர் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததை நான் கேட்டபோது, "நின்னு நின்னு பாடம் எடுக்கறேனோல்லியோ" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாம் என்றால், "காருக்கும் லீவு வேணும்" என்றார். இரண்டையும் நம்பினேன். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்த சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும்.

"என்கிட்ட ஏண்டா சொல்லலை? நான் என்ன அன்னியமா?"

"சொல்லுங்கோன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். 'அந்தக் காருக்காக உங்கக்கா தெருவோட சண்டை போடறா. அவகிட்டப் போயி, நான் தோத்துட்டேன், உன் தம்பி காரே மேல்னு எப்படிடா சொல்லுவேன்'னுட்டார்."

அவர் விட்டுக்கொடுக்க நினைத்த வழக்கை விடாமல் நடத்தியவள் நான்தான். வலிக்கிற காலோடு அவர் தெருக்கோடிவரை கிளட்ச் மிதித்துக்கொண்டு போனது என் வாய்க்குப் பயந்து. அழுதேன்.

அழுது ஓய்ந்ததும் தம்பி, "எங்காத்துக்கு வா, ஒண்ணு காட்டணும்" என்றான்.

அவன் வீட்டு வாசலில் ஜெர்மன் கார் நின்றது. ஓட்டுகிற சீட்டில் என்னை உட்காரச் சொன்னான். இருபது வருடத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. பெடல்கள் என் காலுக்குச் சரியாக எட்டின. சாவியைப் போட்டுத் திருப்பினான். கதவில் ஒன்று, இரண்டு என்று சின்னப் பொத்தான்கள் இருந்தன. சீட்டை ஒருவர் தன் உயரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டால் கார் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம்.

"ஒண்ணு எனக்கு. ரெண்டை அமுக்கு."

அமுக்கினேன். ஒரு மெல்லிய முனகலோடு சீட் பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. முதுகுச் சாய்வு சற்றுச் சரிந்தது. வெளியே பக்கக் கண்ணாடி தானாகத் திரும்பி நின்றது. என் கண்ணுக்கு அதில் தெரு தெரியவில்லை, எதிர்வீட்டு ஓடும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தன. உயிரில்லாத கார் என்று நான் ஏசிய கார், அவர் நீட்டிய காலுக்கான இடத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. பச்சைக் காரில்கூட அவருக்கு இவ்வளவு இடம் கிடைத்ததில்லை.

"கொச்சிக்காரருக்கு என்ன சொல்லட்டும்?" என்று தம்பி கேட்டான்.

"வரவேண்டாம்னு சொல்லு. பச்சைக் காரை நீயே ஓட்டிக்கோ, நனைஞ்சுண்டே போ. இந்த ரெண்டாம் நம்பரை மட்டும் யாரும் மாத்தப்படாது."

தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணை அமுக்குக்கா, சீட் முன்னால வந்துடும், இறங்க சௌகரியம்" என்றான்.

"இருக்கட்டும்டா" என்றேன். என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.