அக்காவின் சுருக்காத பதிவு

காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய இதய மருத்துவமனையில் நான் டெக்னீஷியன். வருகிறவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவேன். ஒரு நாள் முழுக்க இதயம் துடிப்பதை அது பதிவு செய்யும். மறுநாள் அந்தப் பதிவைச் சுருக்கி சென்னையில் இருக்கும் டாக்டருக்கு அனுப்ப வேண்டும். சுருக்குகிற மென்பொருள் ஒரு துடிப்பை மாதிரியாக வைத்துக்கொள்ளும். அதேபோல் இன்னொன்று வந்தால் முழுதாக எழுதாது, ‘மேற்படி’ என்று குறித்துவிட்டுப் போய்விடும். எங்கள் இன்டர்நெட் லட்சணத்துக்கு அந்தச் சிக்கனம் தேவைதான்.

நெசவாளர்கள் வந்தால் மட்டும் பதிவு பெருத்துவிடும். கால் மிதிக்கிறது, கை, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிகிறது. உடம்பின் அசைவெல்லாம் கோட்டில் ஏறிவிடும். அதனால் நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன்: பெட்டி கட்டிய நாளில் தறியில் உட்காரக் கூடாது. நானும் தறிக்காரர் வீட்டுப் பெண் என்பதால் தட்டாமல் கேட்டார்கள். பதிவு அழகாக, சின்னதாக வரும். அதில் எனக்குப் பெருமை வேறு.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது என் அக்காவிடம் தெரிந்தது. நெய்யும்போது இரண்டு முறை கண் இருட்டி, நெய்த சேலையைச் சுற்றும் படமரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அவளுக்கும் பெட்டி கட்டி அதே சட்டத்தைச் சொன்னேன். நார்மல் என்று வந்தது. அடுத்த வாரம் மறுபடி சாய்ந்தாள். நேராக மருத்துவமனைக்கு வந்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“தறியில குந்தினாதான் எனக்கு வருது. குந்தாதன்னு சொல்லிட்டு, ஒண்ணும் இல்லன்னு எழுதித் தர்ற. இது இன்னாடி டெஸ்டு?”

மறுபடி பெட்டியைக் கட்டி, இந்த முறை நெய்யச் சொன்னேன். சுருக்கிய பதிவு சென்னைக்குப் போய், மீண்டும் நார்மல் என்றே திரும்பியது. எங்கள் மருத்துவமனை டாக்டர், மனக்கவலையாக இருக்கும் என்றார். பெண் மயங்கினால் மட்டும் மனக்கவலை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவருக்குப் பெட்டியைக் கட்டுமுன் அழித்துவிட வேண்டிய அசல் பதிவை அழிக்காமல் திறந்தேன்.

தறி ஓடிய நேரத்தில், இதயத்தின் கூர்முனைகளுக்கு நடுவே மொட்டை மேடுகள் தெரிந்தன. மற்றவர்களுக்கு அது குப்பை. எனக்கு அது அக்காவின் கால். மிதி, நாடா, அடி, மறு மிதி என்று அந்தக் கணக்கில் நானும் உட்கார்ந்து நெய்தவள். ஓரிடத்தில் மேடுகள் மட்டுமே இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கூர்முனை ஒன்றுகூட இல்லை. அக்காவின் இதயம் நின்றிருக்கிறது, கால் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. துடிப்பு வர வேண்டிய நேரத்தில் விழுந்ததால், மென்பொருள் அந்த மிதியைத் துடிப்பு என்று எண்ணி ‘மேற்படி’ போட்டிருக்கிறது; சென்னையில் அது நல்ல துடிப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

சுருக்காமல் முழுதாக அனுப்பினேன். இன்டர்நெட் அடைத்துக்கொண்டு பில் கவுன்டர் வரை எல்லாம் நின்றது. எங்கள் டாக்டர் வந்து நிறுத்தச் சொன்னார். மாட்டேன் என்றேன். வேலை போய்விடும் என்றார்.

“போகட்டும் சார். இது போய் முடியட்டும், அப்புறம் நானும் போறேன்.”

சாயங்காலம் சென்னை டாக்டரே போன் செய்து, அந்த அம்மாவை உடனே அட்மிட் பண்ணுங்கள் என்றார். அக்காவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். தோளருகே போட்ட தையல் ஆறியதும் தறிக்குத் திரும்பிவிட்டாள். என் வேலையும் போகவில்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தறியில் உட்காரவிடாமல் தடுத்து நான் நார்மல் வாங்கிக் கொடுத்தவர்களின் எண்கள் பழைய நோட்டில் இருந்தன. ஜனங்களைப் பயமுறுத்தாதே என்றார் எங்கள் டாக்டர். பயப்படட்டும் என்று போனை எடுத்தேன். மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். நான்காவது எண்ணை ஒரு நெசவாளரின் மகள் எடுத்தாள். அப்பாவை மறுபடி டெஸ்டுக்கு அழைத்து வரச் சொன்னேன்.

“அப்பா தறியிலயே சாஞ்சவரு எழுந்திரிக்கவே இல்லமா. மூணு மாசம் ஆவுது. நார்மல்னு பேப்பர் குடுத்தது நீங்கதானே?”

நான்தான் என்றேன். அவள் வைக்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு ஐந்தாவது எண்ணை அழுத்தினேன்.