ஆர்மோனிய இன்னாசி மடத்தில் சேர்ந்த விதம்

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர்களில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான் ஒருவன்தான். தாண்டியவர்கள் நாலைந்து பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். ஆகையால் என் மைத்துனன் இன்னாசிமுத்துவைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. அவன் துறவி ஆனதற்கு ஆண்டவர் பாதிக் காரணம். மீதிப் பாதி நான்.

இன்னாசி என் மனைவி கனகமணியின் தம்பி. வாரம் முழுக்க என் கம்பெனி மருந்து ரூமில் வேலை. வெடிமருந்து சலிக்கிற அந்த ரூமில் செருப்புப் போடக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் மாதா கோயிலில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தான் என்றால், வாரமெல்லாம் அடக்கி வைத்தது அவ்வளவும் வெளியே வந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இடம் விடக்கூடாது. விட்டால் பாட்டு முடிந்தது என்று சனங்கள் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்களைக் கிளப்புவது லேசா? அதனால் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவன் அந்த இடத்தில் ஒரு ‘தன்னன்னா’ போட்டு அடைத்துவிட வேண்டும். இன்னாசி அடைத்தால் ஈ நுழையாது. அவனைப் போல் வாசிக்க ஜில்லாவில் ஆள் இல்லை என்று நான் சொல்வேன். நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்த புதிது. பங்குச் சாமியாரோடு மேற்கு மலையில் ஒரு துறவி மடத்துக்குப் போய்வந்த இன்னாசி, வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

“அத்தான், அங்கன எல்லாரும் கூடிக் கூடிப் பைபிள் சங்கீதம் பாடுறாக. மத்த நேரம் பேச்சே கிடையாது. நான் அங்கனயே போயிருதேன்.”

“ஏலே, செருப்பில்லாம, பேச்சில்லாம, விடியங்காட்டி எந்திரிக்கணும். அம்புட்டுத்தானே? அதை நம்ம மருந்து ரூம்லயே வச்சுக்கிடலாம்லே!”

“இங்கன சங்கீதம் கிடையாதே அத்தான்.”

போய்விட்டான். மூன்று மாதம் கழித்துக் கனகமணி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“காரியாபட்டியில பொண்ணு பேசியாச்சு. போய் அவனைக் கூட்டிட்டு வாங்க. வெறுங்கையோட வந்தீகன்னா நீங்களும் அங்கனயே மொட்டை போட்டுக்கிட்டு உக்காந்துக்கிடுங்க.”

மடத்தின் பெரிய சாமி ஒல்லியான கிழவர். என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

“நல்ல பிள்ளைதான். நல்லா உழைக்கிறார். ஆனா சங்கீதத்துல ஒவ்வொரு அடிக்கும் நடுவுல நாங்க சத்தமில்லாம நிப்போம். அந்த அமைதிதான் எங்களுக்கு ஜெபம். உங்க மச்சினர் அதுல தன்னன்னா போடுறார்.”

“இங்க ஆர்மோனியமே இல்லையே சாமி?”

“வாயாலயே போடுறார். இப்ப ரெண்டு பேர் அவர்கூடச் சேர்ந்தும் போடுறாங்க. அரைமணி நேர ஜெபம் கால்மணியில முடிஞ்சுபோகுது. வெளிய வந்தா கஞ்சி வேகலை.”

அன்று சாயங்கால ஜெபம் முடிந்ததும் துறவிகள் ஆளுக்கொரு மொச்சை போட்டு ஓட்டு எடுப்பார்களாம். வெள்ளை மொச்சை விழுந்தால் இன்னாசி இருக்கலாம். கறுப்பு மொச்சை விழுந்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வந்த வேலை பேசாமலே முடிந்தது என்று எனக்கு ஏகக் குஷி.

இன்னாசி தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தான். முகம் செத்துக் கிடந்தது.

“வேணும்னேவா போடுதேன் அத்தான்? பாட்டுல இடம் காலியா கிடந்தா நெஞ்சு பதறுது. இங்க இருந்து அனுப்பிட்டாகன்னா நான் எங்க போவேன்?”

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாயாலேயே ஒரு கம்பெனியைக் கட்டியவனால் சும்மா இருக்க முடியுமா?

“கூறுகெட்டவனே! மருந்தைச் சலிச்சுக் கொட்டுறப்ப, தூசி பறந்துரக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பியே, அப்ப எங்கலே போச்சு உன் தன்னன்னா?”

களையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். “அத்தான்! இது தோணாமப் போச்சே!”

கனகமணியின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

ஜெபம் தொடங்கியது. நான் கடைசி பெஞ்சில். முதல் அடி முடிந்தது. இன்னாசி வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, கையில் சல்லடை இருப்பதுபோல் நின்றான். சத்தமில்லை. இரண்டாவது அடி. சத்தமில்லை. துறவிகள் எல்லோரும் ஓரக்கண்ணால் அவனையே பார்த்தார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. திரி பற்றவைத்து வெடிக்காத அணுகுண்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. மூன்றாவது அடி முடிந்ததும் என்னையறியாமல் வாய் திறந்துகொண்டது.

“தன்னன்னா!”

என் தொண்டை கம்பெனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற தொண்டை. கோயில் முழுக்கத் திரும்பியது. இன்னாசியும் திரும்பினான். உதட்டில் விரலை வைத்து, மருந்து ரூமில் பீடியோடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் ஒரு முறை முறைத்தான். என்னை அப்படி முறைத்தவன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெரிய சாமி அங்கிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

எல்லாம் வெள்ளை மொச்சை.

“நீங்க வராம இருந்திருந்தா நாலஞ்சு கறுப்பு விழுந்திருக்கும்” என்றார் பெரிய சாமி. “அந்தப் பழக்கம் உங்க ஊர்க்காரங்க ரத்தத்துல எவ்வளவு ஊறியிருக்குன்னு உங்களைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விளங்குச்சு. அதையே விட்டவன் எதையும் விடுவான்.”

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து நின்றேன். “உந் தம்பியைச் சாமியாராக்கிட்டு வந்திருக்கேன். வேற எவனால முடியும்?” என்றேன். கனகமணி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“காரியாபட்டிக்கும் நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

போனேன். பெண் வீட்டார் கோபிப்பார்கள் என்று நினைத்தேன். துறவியின் அத்தான் என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். பட்டாசுக் கம்பெனி முதலாளியாகப் பெண் கேட்டுப் போனபோது பாய்தான் விரித்திருந்தார்கள்.